கினி பிக் வளர்ப்போர் கவனத்துக்கு: நீர்க்கடுப்பும் கல்லடைப்பும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நம் குடியிருப்பிலேயே வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பின் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும் கடைசியில் உள்ளன.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் கினி பிக்கின் மூத்திரத்தைப் பற்றிப் பேச ஒருவர் எழுந்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்துவிட்டுக் கேளுங்கள். குடியிருப்பில் நாய் வளர்க்க இடமில்லை, பூனை என்றால் பக்கத்து வீட்டில் சண்டை. அதனால் சத்தம் போடாத, கடிக்காத, பால்கனி ஓரத்தில் அடங்கிப்போகும் பிராணி என்று பல வீடுகளில் பிள்ளைகளுக்குக் கினி பிக் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். "நேற்று வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க, காலையில பார்த்தா போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டு வரும் வீடுகளும் இருக்கின்றன. கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அது நேற்று வரை நன்றாக இருந்ததே கிடையாது. ஒரு மாதமாகவே வலியோடு இருந்திருக்கும். வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

பெயரில்தான் பிக். பன்றிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, கினி நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. எலி, அணில் வகையறாவைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பக்கம் பெரு போன்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக வீட்டில் வளர்த்துவருகிறார்கள். நாம் கோழி வளர்ப்பதுபோல அங்கே கறிக்காக வளர்த்தார்கள், இன்னும் வளர்க்கிறார்கள். பருந்தும் நரியும் தேடித் தின்கிற பிராணி அது. நோஞ்சானாகத் தெரிந்தால் முதலில் அதைத்தான் அடிக்கும். அதனால் வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். நாய் முனகும், மாடு அசைபோடாமல் நின்று காட்டிக்கொடுக்கும். கினி பிக் வலித்தாலும் புல்லைக் கொறித்துக்கொண்டே இருக்கும். அது சொல்லாததை நாம்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்ற விளக்கம்.

முட்டை ஓடும் மூத்திரக் கல்லும்

நாமக்கல் முட்டை ஊர். முட்டை ஓடு எதனால் ஆனது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு. கோழிக்கு ஓடு கெட்டியாக வர வேண்டும் என்று தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கிறோம். கினி பிக்கின் மூத்திரப்பையில் உண்டாகும் கல்லும் பெரும்பாலும் அதே கால்சியம் கார்பனேட்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் கினி பிக்குகளிடமிருந்து எடுத்த கற்களைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது.

காரணம் அதன் உடம்பின் அமைப்பு. நமக்குச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து கூடிப்போனால் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குடல் மலத்தோடு தள்ளிவிடும். முயலுக்கும் கினி பிக்குக்கும் அந்தக் கட்டுப்பாடு குறைவு. தின்றதில் இருக்கும் கால்சியத்தைக் குடல் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும். கூடுதலானது சிறுநீரகம் வழியாகச் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் நன்றாக இருக்கும் கினி பிக்கின் மூத்திரம்கூடக் கொஞ்சம் கலங்கலாக, காய்ந்த பிறகு வெள்ளைத் தடம் விட்டு இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கால்சியம் அதிகமாக உள்ளே போய், தண்ணீர் குறைவாகக் குடித்து, சின்னக் கூண்டில் நகராமலும் உட்கார்ந்திருந்தால் அந்த வெள்ளைப் பொடி மூத்திரப்பையின் அடியில் தங்கிவிடும். தண்ணீர்த் தொட்டியின் அடியில் சேறு படிகிறதல்லவா, அதேபோல. முதலில் வண்டல், அப்புறம் மணல், அப்புறம் கல். கல் உள்ளே உரசினால் ரத்தம் வரும். மூத்திரக் குழாயில் வந்து மாட்டிக்கொண்டால் கல்லடைப்பு. ஆணுக்குக் குழாய் நீளம், குறுகல், அதனால் மாட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். பெண்ணுக்கு வேறு தொல்லை. மூத்திரத் துவாரமும் ஆசனவாயும் அருகருகே இருப்பதால் ஈரமும் சாணியுமாகக் கிடக்கும் கூண்டில் கிருமி உள்ளே ஏறி நீர்க்கடுப்பு வரும்.

நம் ஊர்ப் பாசம் செய்யும் வேலை

நம் பக்கம் ஆட்டுக்குட்டிக்குக்கூட அகத்திக்கீரை கட்டித் தொங்கவிடுவோம். பிள்ளைக்கு முருங்கைக்கீரை. "சத்து" என்று நாம் நம்புவதை எல்லாம் கினி பிக்குக்கும் பிரியமாகக் கொடுக்கிறோம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் அகத்திக்கீரையில் கால்சியம் 1130 மில்லிகிராம், கறிவேப்பிலையில் 830, முருங்கைக்கீரையில் 440. அதே 100 கிராம் வெள்ளரிக்காயிலும் குடைமிளகாயிலும் 10 மில்லிகிராம்தான். புதிய அட்டவணையில் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன, வரிசை மாறவில்லை. நமக்கு அமுதமாக இருக்கும் அகத்தி, தினமும் கொடுத்தால் அந்த ஒரு கிலோ பிராணிக்கு மூத்திரப்பையில் சுண்ணாம்பாகச் சேரும்.

இன்னொன்று கோழித் தீவனம். பண்ணையில் வேலை செய்யும் சொந்தக்காரர் இருந்தால் ஒரு பை தீவனம் வீட்டுக்கு வந்துவிடுகிறது, கூண்டிலும் கொட்டிவிடுகிறோம். முட்டைக்கோழித் தீவனத்தில் 100 கிலோவுக்கு மூன்றரை முதல் நான்கு கிலோ வரை கால்சியம் இருக்கும். வளர்ந்த கினி பிக்குக்கு 100 கிலோ தீவனத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவாக இருந்தாலே போதும். ஒரு கைப்பிடி கூட வேண்டாம்.

மூன்றாவது குதிரைமசால். பால்மாட்டுக்கு அருமையான தீவனம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக இருக்கும் தாய்க்கும் கொடுக்கலாம், அவற்றுக்குக் கால்சியம் தேவை. வளர்ந்ததற்கு அதையே அன்றாடத் தீனியாகப் போடக் கூடாது. வேலிமசாலும் அப்படித்தான்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது என்று கேட்பீர்கள். முக்கால் வயிற்றுக்கு மேல் புல்தான். கடையில் விற்கும் இறக்குமதிப் புல் விலை அதிகம். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், கினியாப் புல் இவை நம் பக்கமே கிடைக்கும். பச்சையாகவும் போடலாம், நிழலில் காயவைத்தும் வைத்துக்கொள்ளலாம். புல்லை நாள் முழுக்கக் கொறித்தால்தான் பல்லும் தேயும், குடலும் ஓடும். வயல் வரப்பிலிருந்து பிடுங்குவதானால் களைக்கொல்லி அடித்த இடமா என்று கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள். குச்சிக்கிழங்கு இலையும் இளஞ்சோளப் பயிரும் வேண்டாம். ஆடு மாடே அதைத் தின்று சாய்வதைப் பார்த்த ஊர் இது, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புல்லுக்கு அடுத்து ஒரு பிடி காய்கறி. வெள்ளரி, குடைமிளகாய், பீர்க்கங்காய், சுரைக்காய் நல்லவை. கொத்தமல்லி, புதினா நாலு தழை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். கடைத் தீவன உருண்டை கொடுப்பதானால் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக் கரண்டிக்கு மேல் வேண்டாம். கால்சியத்தை அறவே நிறுத்திவிடவும் கூடாது, எலும்பும் பல்லும் கெட்டுப்போகும். புல்லிலிருந்தே வேண்டிய அளவு கிடைத்துவிடும்.

வைட்டமின் சி பற்றியும் ஒரு வார்த்தை. மனிதனைப் போலவே கினி பிக்காலும் அதைத் தன் உடம்பில் செய்துகொள்ள முடியாது. நார்வே நாட்டில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் 1907இல் கினி பிக்குக்கு வெறும் தானியம் கொடுத்தபோது ஸ்கர்வி நோய் வந்ததைக் கண்டார்கள். பிற்பாடு வைட்டமின் சி கண்டுபிடிக்கப்பட அது பெரிய உதவியாக இருந்தது. அந்தச் சத்து குறைந்தால் ஈறு, மூட்டு, தோல் எல்லாம் பலவீனப்படும், கிருமியை எதிர்க்கும் தெம்பும் போய்விடும். ஒரு கிலோ எடைக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் போதும். ஒரு குடைமிளகாயில் எட்டில் ஒரு பங்கு கொடுத்தாலே ஏறக்குறைய 20 மில்லிகிராம் வந்துவிடும். நெல்லிக்காய் தின்றால் ஒரு சின்னச் சீவல். தண்ணீரில் சொட்டு மருந்து கலக்கும் பழக்கம் வேண்டாம். அந்தச் சத்து தண்ணீரில் சீக்கிரம் கெட்டுவிடும். ருசி மாறினால் அது தண்ணீரே குடிக்காமல் விட்டுவிடும், அது இன்னும் பெரிய ஆபத்து.

தண்ணீர்ப் பாட்டிலைத் தட்டிப் பாருங்கள்

நம் போர்வெல் தண்ணீரின் குணம் உங்கள் வீட்டுக் குழாயிலும் கெய்சரிலும் தெரியும். உப்பு ஏறி அடைத்துக்கொள்கிறது. கூண்டில் மாட்டும் பாட்டிலின் முனையில் ஒரு சின்னக் குண்டு இருக்கிறதே, அதிலும் அதே உப்புதான் படிகிறது. பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், குண்டு உருளாது, சொட்டு வராது. "தண்ணி வெச்சிருக்கோமே" என்று நாம் நினைப்போம். சித்திரை வெயிலில் அது நக்கி நக்கிப் பார்த்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தினமும் காலையில் விரலால் குண்டைத் தட்டிச் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். வாரம் ஒரு முறை முனையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். பாட்டிலோடு கனமான ஒரு மண் கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். காய்கறியைத் துடைக்காமல் ஈரத்தோடு போடுங்கள். ஒரு கிலோ எடையுள்ள கினி பிக் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 மில்லி குடிக்கும். பச்சைப்புல் நிறையத் தின்றால் கொஞ்சம் குறையும்.

வெயில் காலத்தில் மேற்குப் பார்த்த பால்கனியில் கூண்டு வைக்காதீர்கள். கினி பிக் குளிர் மலைப் பிராணி. 30 டிகிரி தாண்டினாலே திணறும், நம் ஊரில் 40ஐத் தொடுகிறது. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள், உட்கார ஒரு டைல்ஸ் துண்டு போடுங்கள். இரண்டு வளர்த்தால் ஏழெட்டுச் சதுர அடியாவது இடம் வேண்டும். தினமும் ஒரு மணி நேரம் கூடத்தில் ஓடவிடுங்கள். உடம்பு அசைந்தால்தான் மூத்திரப்பையின் அடியில் படிந்தது கலங்கி வெளியேறும்.

வாரம் பத்து நிமிஷம்

இனி அது சொல்லாததைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி என்று வருகிறேன். இதைப் பிள்ளைகளே செய்யலாம், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

முதலாவது எடை. சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் கினி பிக்கை உட்காரவைத்து, எடையை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரம். வளர்ந்ததன் எடை 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும். ஒரே வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள், தினமும் எடை பாருங்கள். 100 கிராம் குறைந்தால் டாக்டரிடம் போங்கள். மற்ற எந்த அடையாளமும் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது வெள்ளைத் துணி. வாரத்தில் இரண்டு நாள் கூண்டில் பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரித்துவிடுங்கள். மூத்திரம் காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். கோலமாவு போல நைசாக, கொஞ்சமாக இருந்தால் சரி. ரவை போல நறநறவென்று இருந்தால், அல்லது பற்பசை மாதிரி கெட்டியாக வந்தால், உள்ளே வண்டல் சேர்ந்திருக்கிறது. சிவப்புத் திட்டு இருந்தால் அன்றே விசாரிக்க வேண்டும்.

மூன்றாவது காது. மூத்திரம் போகும்போது முதுகைக் கூனிக்கொண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கீச்சென்று கத்தினால் அது வலி. சாணி போடும்போது கத்தினாலும் மூத்திரப்பையில் கல் இருக்கலாம், இரண்டும் உள்ளே ஒட்டிய இடம்தான். தீனிக்காக விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் போடுமே, அது வேறு. பிள்ளைகளுக்கு இந்த இரண்டின் வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நான்காவது பின்பக்கம். தூக்கித் திருப்பிப் பாருங்கள். எப்போதும் நனைந்து, மயிர் ஒட்டி, நாற்றம் அடித்தால் மூத்திரம் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று பொருள்.

உடனே கிளம்ப வேண்டிய நிலையும் உண்டு. திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டும் வராமல், வயிறு கல்லாக இருந்தால், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால், உடம்பு சில்லிட்டிருந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அரை நாளாக எதுவும் தின்னவில்லை என்றாலும் அப்படித்தான். கினி பிக்கின் குடல் நின்றுபோனால் கல்லைவிட அதுவே முதலில் கொன்றுவிடும்.

வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள்

இதுதான் நான் மிகவும் வலியுறுத்தும் பகுதி. நீர்க்கடுப்பு என்றதும் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் ஞாபகம் வரும். பிள்ளைக்குக் கொடுத்த அமாக்சிசிலின் சிரப்பில் நாலு சொட்டு. அது மருந்தாகாது. கினி பிக்கின் குடலில் புல்லைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் போன்றவை அந்த நல்ல உயிர்களைக் கொன்றுவிடும். அந்த இடத்தில் நஞ்சு உண்டாக்கும் கிருமி பெருகும். கழிச்சல் கண்டு சில நாளில் செத்துவிடும். இது இன்று நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலினை எட்டுச் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். மருந்து பெற்றவை பிழைத்தன. மூன்று வருஷம் கழித்து, 1943இல், அதே பெனிசிலின் கினி பிக்கைக் கொல்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் எழுதினார்கள். முதலில் கினி பிக்கில் சோதித்திருந்தால் அந்த மருந்தின் கதையே மாறியிருக்கும்.

கினி பிக்குக்குக் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன. என்ரோஃபிளாக்சசின், டிரைமெத்தோபிரிமும் சல்ஃபாவும் சேர்ந்த மருந்து போன்றவற்றை டாக்டர்கள் பயன்படுத்துகிறோம். அளவு கிராம் கணக்கில் எடை பார்த்துத்தான். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்லட்டும். வலி மாத்திரையும் அப்படித்தான், மனிதருக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கைவைத்தியம். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில். மனிதனுக்குக் கல் என்றால் நம் வீடுகளில் இவைதான் முதலில் வரும். மனிதனுக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கல். கினி பிக்கின் கல் வேறு வகை, அதன் மூத்திரமும் காரத்தன்மை உடையது. தீனியை மாற்றியோ கஷாயம் ஊற்றியோ ஏற்கெனவே உண்டான கல்லைக் கரைக்க வழியில்லை. கஷாயத்தோடு கழிகிற ஒரு வாரத்தில் வைத்தியம் பார்க்கும் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

டாக்டரிடம் என்ன நடக்கும்

நமக்குப் பக்கத்திலேயே, நாமக்கல்லில், 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு மாட்டையும் ஆட்டையும் மட்டும்தான் கொண்டுபோக வேண்டும் என்று சிலர் நினைக்கிறீர்கள். வளர்ப்புப் பிராணிகளையும் பார்ப்பார்கள். தனியார் டாக்டரானாலும் சரி, கல்லூரியானாலும் சரி, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். கினி பிக் பார்த்துப் பழகிய டாக்டர் எந்த நாள் இருப்பார் என்று தெரிந்துகொண்டால் அலைச்சல் மிச்சம்.

போகும்போது எடை நோட்டு, என்னென்ன தீனி என்ற பட்டியல், கத்துவதைப் படம் பிடித்த செல்போன் இவற்றைக் கொண்டுபோங்கள். சுத்தமான எவர்சில்வர் தட்டில் கொஞ்ச நேரம் விட்டால் மூத்திரம் போகும். அதை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் கொண்டுபோனால் சோதனைக்கு உதவும். பெட்டியில் துணி விரித்து, கொஞ்சம் புல்லும் வையுங்கள். ஜோடி இருந்தால் அதையும் கூடவே கொண்டுபோங்கள், பயம் குறையும்.

கல் கால்சியம் என்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வண்டல் மட்டும் என்றால் தோலடியில் சலைன் ஏற்றி, வலிக்கு மருந்து கொடுத்து, மூத்திரப்பையைக் கழுவி விடுவார்கள். பெண்ணுக்குச் சின்னக் கல் என்றால் சில சமயம் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். மூத்திரப்பையில் பெரிய கல் என்றால் அறுவைதான் வழி. இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பதில் நாயைவிட ஆபத்து அதிகம். அதை டாக்டர் மறைக்காமல் சொல்வார், நீங்களும் கேளுங்கள். அறுவைக்கு முன் நாயைப் போல இராப்பட்டினி போடக் கூடாது. கினி பிக் வாந்தி எடுக்காது, பட்டினி போட்டால் குடல்தான் நிற்கும். எடுத்த கல் மறுபடி வரவும் வாய்ப்பு உண்டு. அதனால் தீனியும் தண்ணீரும் மாறாமல் அறுவை மட்டும் செய்து பயனில்லை.

செலவு என்று வரும்போது சிலர் கேட்கிறீர்கள்: சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பிராணிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதா? குடும்ப வருமானம் தெரியாமல் நான் பதில் சொல்லக் கூடாது. எல்லோராலும் அறுவை செய்ய முடியாது. ஆனால் வலி நீக்கும் மருந்து எல்லோராலும் முடியும். காப்பாற்ற முடியாத நிலை என்றால் வலியில்லாமல் அனுப்பிவைப்பதும் டாக்டரால் முடியும். ஒன்றும் செய்யாமல் மூலையில் விட்டுவைப்பதை மட்டும் செய்யாதீர்கள். நம் வீட்டில் நோய்ப்பட்ட ஒன்றை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடை நோட்டுக்கும் வெள்ளைத் துணிக்கும் செலவு ஒன்றும் இல்லை, அவற்றாலேயே பாதித் தொல்லை தவிரும்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, புல்தரையில் களைக்கொல்லி அடிப்பதானால் முன்கூட்டி அறிவிப்புப் பலகை வையுங்கள், பிள்ளைகள் அங்கேதான் புல் பிடுங்குகிறார்கள். இரண்டு, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகும் வீட்டுக் கூண்டுகளை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். நாலு நாளைக்குத் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி மாட்டிவிட்டுப் போவது போதாது. மூன்று, கூண்டு நாறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். நாற்றம் திடீரென்று கூடியிருந்தால் அதுவும் ஒரு அடையாளம்தான், கூண்டைத் தூக்கிப் பாருங்கள்.



கேள்வி பதில்

பீட்ரூட் கொடுத்த மறுநாள் மூத்திரம் சிவப்பாக இருந்தது. ரத்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வதுங்க?

பீட்ரூட் நிறம் அப்படியே இறங்கும். வேறு சில கீரையின் நிறமும் காற்றுப்பட்டதும் ஆரஞ்சாக, பழுப்பாக மாறும். பீட்ரூட்டை நிறுத்திவிட்டு ஒரு நாள் பாருங்கள். எடை குறையாமல், கத்தாமல், நன்றாகத் தின்றால் அவசரம் இல்லை. நிறம் போகவில்லை என்றால் டாக்டரிடம் ஒரு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பெண் என்றால் கர்ப்பப்பையிலிருந்தும் ரத்தம் வரலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டு ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்தால் கல் வராதா?

தண்ணீரின் உப்பு மட்டுமே கல்லுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தீனியிலிருந்து வரும் கால்சியம்தான் பெரும்பங்கு. நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் வையுங்கள், தவறில்லை. எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்த நோய் எங்கள் குழந்தைக்கு ஒட்டுமா, டாக்டர்?

கல் ஒட்டாது. நீர்க்கடுப்புக்குக் காரணமான கிருமி அசுத்தத்தில் இருப்பது, அதனால் கூண்டைச் சுத்தம் செய்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவது போதும். கினி பிக்கிடமிருந்து படர்தாமரை ஒட்டுவதுண்டு. வட்டமாக மயிர் உதிர்ந்திருந்தால் தனியாகக் காட்டுங்கள்.

(ஆறாம் வகுப்பு மாணவி) எங்களோடது ஒரு நாள் மட்டும் கத்துச்சு. அப்புறம் கத்தலை. டாக்டர்கிட்ட போகணுமா?

எடை எவ்வளவு என்று எழுதிவைத்திருக்கிறாயா, கண்ணு? இல்லை என்றால் இன்றைக்கு ராத்திரியே எழுது. நாலு நாள் தினமும் எடை பார், வெள்ளைத் துணி விரித்து வை, தண்ணீர்ப் பாட்டில் குண்டு உருளுகிறதா என்று பார். எடை அப்படியே இருந்து, துணி சுத்தமாக இருந்தால் வாரம் ஒரு முறை பார்த்துக்கொண்டு வரலாம். மறுபடி கத்தினாலோ எடை இறங்கினாலோ அப்பாவிடம் நோட்டைக் காட்டி, டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்.